தீவுகள் தரும் எச்சரிக்கை

சுமத்ராவுக்கு மேற்கே சிமெலு, நியாஸ், மெந்தாவாய் தீவுகள் வரிசையாக உள்ளன. அவற்றுக்கும் அப்பால், ஆழ்கடல் அகழியில், கடலடித் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் சுமத்ராவின் அடியில் நுழைகிறது. அது சுமந்து வந்த வண்டலும் பாறையும் வழிக்கப்பட்டு, மடிந்து குவிந்ததே இத்தீவுகளின் அடித்தளத்தில் பெரும்பகுதி.

கீழ்த்தட்டு இறுகப் பிடித்திருக்கும்போது தீவுகள் மெல்லத் தாழும். பிடி விட்டால் திடீரென உயரும். 2005 மார்ச் 28 நிலநடுக்கத்தில் நியாஸின் மேற்குக் கரை ஏறக்குறைய 3 மீட்டர் வரை உயர்ந்தது. மெந்தாவாயில் 1797, 1833 ஆண்டுகளில் விட்ட பிடி இன்று மீண்டும் பெருமளவு இறுகியிருக்கிறது. எதிர்க்கரையில் பாடாங் நகரம்.

சிமெலு மக்கள் 1907 பேரலையை மறக்கவில்லை. 2004இல் நிலம் குலுங்கியதுமே மேடேறினார்கள், பெரும்பாலோர் பிழைத்தார்கள். பாடாங்குக்கும் அந்தக் குலுக்கமே முதல் எச்சரிக்கை.