42-ஆம் நாள்

இன்று ஒரு கேள்வியைப் பற்றிப் பேசுவோம். மாலை போடுகிறோம். நோன்பு இருக்கிறோம். கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் போகிறோம். இவற்றைச் செய்வதால் மட்டும் ஒருவர் நல்லவர் ஆகிவிடுவாரா?

ஐதராபாத் நகரில் சனத்நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அது தொழிற்பேட்டை உள்ள இடம். குளிர்பதனப் பெட்டி செய்த ஆல்வின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. தொழிலாளர்களுக்கான பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனை அங்கே இருக்கிறது. பல மொழி பேசுகிறவர்கள் பிழைப்புத் தேடி வந்து குடியேறிய நகரம் அது.

அங்கே ஒரு குடும்பம் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். எந்தத் தெருவிலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கலாம்.

கணவருக்கு லேத்துப் பட்டறையில் வேலை. சனிக்கிழமை சம்பளம். அதில் பாதி மதுக்கடைக்குப் போய்விடும். மீதி கிடைப்பதே பெரிய பாடு. ராத்திரி வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். உடனே மகள் புத்தகத்தை மூடிவிட்டு மூலைக்குப் போய்விடுவாள்.

நவம்பர் மாதம் பாதி ஆகிறது. அய்யப்பனுக்கு மாலை போடும் காலம். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இதைத் தீட்சை என்பார்கள். அவரும் மாலை போடுகிறார். கறுப்பு வேட்டி கட்டுகிறார். விடியும் முன்னே பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். குடி இல்லை. பீடி இல்லை. கெட்ட வார்த்தை இல்லை. எதிரில் யார் வந்தாலும் "சாமி" என்று கும்பிடுகிறார்.

சம்பளம் முழுதாக வீட்டுக்கு வருகிறது. மகளுக்கு நோட்டுப் புத்தகம் வருகிறது. ராத்திரி செருப்புச் சத்தம் கேட்டாலும் அவள் எழுந்து ஓடுவதில்லை.

41 நாள் முடிகிறது. இருமுடி கட்டிக்கொண்டு கேரளத்தில் உள்ள சபரிமலைக்குப் போகிறார். 18 படி ஏறுகிறார். அங்கே "தத்வமசி" என்று எழுதியிருக்கிறது. "நீயே அது" என்பது அதன் பொருள். நீ தேடி வந்த தெய்வம் உனக்குள்ளும் இருக்கிறது என்று பெரியவர்கள் விளக்குவார்கள்.

ஊர் திரும்புகிறார். தாயார் மாலையைக் கழற்றுகிறார். அடுத்த நாள் சாயங்காலம் பட்டறை விடுகிறது. போகும் வழியில் அதே கடை இருக்கிறது.

அவர் என்ன செய்வார்?

பல வீடுகளில் பெண்கள் ஒன்று சொல்வார்கள். "வருஷம் பூராவும் இந்த மனுஷன் மாலை போட்டிருக்கக் கூடாதா?" என்பார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். ஆனால் அது சிரிப்பதற்கான பேச்சு அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 365 நாள். அதில் 41 நாள் போனால் மீதி 324 நாள். அந்த 324 நாளும் அந்த வீடு எப்படி இருக்கும்?

இதைக் கேட்டதும் சிலர், "மாலை எல்லாம் வெறும் வேஷம்" என்பார்கள். அது சரியல்ல. அந்த 41 நாளும் அந்த வீட்டில் நிம்மதி இருந்தது. குழந்தை பயமில்லாமல் படித்தது. அது பொய் இல்லை.

வேறு சிலர், "மலைக்குப் போய் வந்தாயிற்று, பாவம் எல்லாம் தீர்ந்தது" என்பார்கள். அதுவும் சரியல்ல. மனைவி பட்ட அடிக்கு மலையில் கணக்குத் தீராது. வீட்டில்தான் தீர வேண்டும்.

அப்படியானால் விரதம் எதற்கு? விரதம் ஒரு பழக்கம். சிலேட்டில் எழுதிப் பழகினோமே, அதைப் போல. எதற்கு எழுதிப் பழகினோம்? பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிக்க. ரேஷன் அட்டையைப் படிக்க. கடன் பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட. வகுப்பு முடிந்ததும் எழுத்தை மறந்துவிட்டால் படித்ததன் பலன் என்ன? விரதமும் அப்படித்தான். மாலை போட்டிருக்கும்போது பழகியது, மாலை கழற்றிய பிறகு உதவ வேண்டும்.

எல்லா மதத்திலும் பெரியவர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பொய் பேசுவதை விடாதவர் சோறு தண்ணீரை விடுவதால் இறைவனுக்கு ஆவது ஒன்றுமில்லை என்றார் நபிகள் நாயகம். காணிக்கை செலுத்தும்போது, சகோதரன் மனத்தாங்கலோடு இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய்ச் சமாதானம் செய்துகொள் என்றார் ஏசுநாதர். திருக்குறளில் "கூடாவொழுக்கம்" என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. துறவி வேடம் போட்டு மறைவில் தப்புச் செய்வதை வள்ளுவர் அதில் கண்டிக்கிறார். தெலுங்கில் வேமனர் மனத்தூய்மை இல்லாத பூஜையால் பயன் இல்லை என்று பாடினார். ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரிக்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது.

இது குடிக்கு மட்டும் பொருந்துவது அல்ல. நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார். தராசில் எடை குறையும். ஐந்து வேளை தொழுவார். வேலைக்காரருக்குக் கூலி பாக்கி வைப்பார். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவார். தம்பியின் பங்கு நிலத்தைத் தர மறுப்பார். ஒருவர் நல்லவரா என்று அவர் நெற்றியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவரிடம் வேலை செய்பவரைக் கேட்க வேண்டும். அவர் வீட்டுப் பெண்களைக் கேட்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி வகுப்பு நடந்தது. ஊர்ப் பெண்கள் ஒன்று சேர்ந்து சாராயக் கடையை மூடிய கதை அவர்கள் பாடப் புத்தகத்தில் இருந்தது. "நாமும் செய்தால் என்ன?" என்று அந்தப் பெண்கள் நினைத்தார்கள். ரோசம்மா என்பவர் முன்னே நின்றார். சாராயத்தை ஊரை விட்டே விரட்டினார்கள். போராட்டம் மாவட்டம் தாண்டிப் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-இல் முழு மதுவிலக்கு வந்தது. அந்தப் பெண்கள் மாலை போடவில்லை. ஆனால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது.

பிறகு 1997-இல் அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. கடைகள் மீண்டும் திறந்தன. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. மாலையும் ஒரு நாள் கழற்றப்படும். சட்டமும் ஒரு நாள் மாறலாம். மனத்தில் எடுத்த முடிவை மட்டும் வேறு யாரும் கழற்ற முடியாது.

ஆனால் மனம் மட்டும் போதாத நிலையும் உண்டு. சிலருக்குக் குடி நோயாகவே ஆகிவிடும். திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பும் வரலாம். அவர்களைத் திட்டிப் பயன் இல்லை. மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். சனத்நகருக்குப் பக்கத்தில் எர்ரகட்டாவில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. குடியை விடுவதற்கு அங்கே சிகிச்சை உண்டு. சிகிச்சைக்குப் போவது வெட்கப்பட வேண்டியது அல்ல. அதுவும் ஒரு விரதம்தான்.

இப்போது அந்தத் தொழிலாளியிடம் திரும்பி வருவோம். 42-ஆம் நாள் சாயங்காலம். கழுத்தில் மாலை இல்லை. "சாமி" என்று கூப்பிட யாரும் இல்லை. கையில் சம்பளம் இருக்கிறது. எதிரே கடை திறந்திருக்கிறது. 41 நாள் முடிந்தவருக்கு இன்னும் ஒரு நாள் முடியாதா? அந்த ஒரு நாள் முடிந்தால் அடுத்த நாள் முடியாதா?

வீட்டில் மகள் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. அவள் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள்.

அவள் புத்தகத்தை மூடாமல் இருந்தால், அந்த விரதம் பலித்தது என்று பொருள்.