நானூற்றிருபதும் ஐந்நூறு ரூபாயும்

(பெங்களூருவில் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஏமாற்றுக்காரனைக் குறிக்க நம் பேச்சில் ஓர் எண்ணே உண்டு: 420. ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் அந்தப் பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. மக்கள் நாவில் பழைய எண்ணே நிற்கிறது. வஞ்சித்து ஒருவரின் பொருளைப் பறித்தால் ஏழாண்டு வரை சிறை. நேர்மையின்மைக்கும் சட்டம் விளக்கம் தருகிறது: ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ மற்றொருவருக்கு முறையற்ற இழப்போ உண்டாக்கும் நோக்கம். இந்த விளக்கத்தோடு நம் நகரத்தின் ஆயத்த ஆடை ஆலைகளுக்குள் செல்வோம்.

2020 ஏப்ரல் முதல் கர்நாடகத்தில் பஞ்சப்படி மாதம் 417 ரூபாய் 60 காசு உயர்ந்திருக்க வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ 16 ரூபாய். அது சலுகையன்று, குறைந்தபட்ச ஊதியத்தின் ஒரு பகுதி. கொரோனாவைக் காரணம் காட்டி மாநில அரசு உயர்வை ஒத்திவைத்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம், நிலுவையுடன் வழங்குக என்றது. அதன் பின்னும் ஓராண்டுக்கு மேல் ஆலைகள் அசையவில்லை. இழந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் அதிகம், பெரும்பாலோர் பெண்கள். சங்கங்களின் போராட்டம் ஆடைகளை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களின் வாசல்வரை சென்ற பிறகே, 2022 தொடக்கத்தில் பெரிய ஆலைகள் நிலுவையை வழங்க முன்வந்தன.

இதற்கு அன்று நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் விதித்த தண்டனை என்ன? ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரே ஒரு தொழிலாளியின் இரண்டு மாத நிலுவை அந்த அபராதத்தை மிஞ்சிவிடும்!

இது மோசடிதானா என்று கேட்கலாம். மோசடியில் ஏமாறுபவர் உண்மை அறியாதவராக இருக்க வேண்டும். இங்கோ தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்ணுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே பொறுத்திருந்தார், பொதுமுடக்கத்தில் வேறு வேலை எங்கே? ஆகவே நான் இதை ஏமாற்று என்பதைவிடப் பறிப்பு என்றே சொல்வேன்.

அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, கோலார் மாவட்டம் நரசாபுராவில் ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையில், ஊதியம் சரிவரக் கிடைக்காத தொழிலாளர்களின் சினம் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். சிலருக்கு ஊதியம் ஒழுங்காக வழங்கப்படவில்லை என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. துணைத் தலைவர் ஒருவரைப் பதவியிலிருந்து நீக்கியது. உடைந்த கண்ணாடிக்குக் கைவிலங்கு, குறைந்த ஊதியத்துக்கு வருத்தக் கடிதம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதலாளித்துவமே மோசடி என்று மேடையில் முழங்குகிறோம், கைதட்டலும் கிடைக்கிறது. மார்க்ஸ் அப்படிச் சொல்லவில்லை. உழைப்புச் சக்திக்கு அதன் முழு மதிப்பையும் காசு குறையாமல் கொடுத்தாலும் உபரி மதிப்பு பிறக்கும் என்பதே அவர் நிறுவியது. சொன்ன சொல் தவறாத முதலாளியும் சுரண்டுகிறார். ஆனால் அதே மூலதனம் நூலில், உணவு இடைவேளையிலிருந்து நிமிடம் நிமிடமாகத் திருடிய ஆலை உரிமையாளர்களைப் பற்றிய ஆய்வாளர் அறிக்கைகளையும் அவர் பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டுகிறார். சுரண்டல் வேறு, அதன்மேல் நடக்கும் திருட்டு வேறு. முன்னதை ஒழிக்க நெடும்போராட்டம் தேவை; பின்னதை இன்றைய சட்டத்தைக் கொண்டே பிடிக்கலாம்.

பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறுகிறது. அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் தெருவில் ஆலை வேலைக்குச் செல்லும் இருவரின் மார்ச், ஏப்ரல் மாத ஊதியச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி வாருங்கள். கன்னடம் படிக்கத் தெரிந்த தோழர் ஒருவரும் உடன் இருக்கட்டும்.