எஃகின் உயிர் கரி



தூய இரும்பு மெல்லியது. அதனால் அடித்த கத்தி வளையும், கூர் மழுங்கும். இரும்பை எஃகாக்குவது அதனுட் கலக்கும் கரியே. அதுவும் நூற்றுக்கு ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு என்னும் சிற்றளவே. கரி மிகக் குறைந்தது தேனிரும்பு. ஏறத்தாழ இரண்டு பங்கு வரை கொண்டது எஃகு. அதனின் மிக்கது வார்ப்பிரும்பு. தூய இரும்பு உருக 1538 பாகை வெம்மை வேண்டும், 4.3 விழுக்காடு கரி சேரின் 1150 பாகை அளவே போதும். ஆயின் அவ்வார்ப்பிரும்பு சம்மட்டி அடி தாங்காது நொறுங்கும்.

இஃது எவ்வாறு? இரும்பின் அணுக்கள் அடுக்கடுக்காய் நிற்பன. அடி விழுங்கால் ஓர் அடுக்கு மற்றொன்றன்மேல் வழுக்கும், அவ்வழுக்கலே வளைதல். சிறிய கரியணுக்கள் இடுக்குகளிற் புகுந்து அதனைத் தடுக்கின்றன. பழுக்கக் காய்ந்த இரும்பு கரியை மிகுதியாக ஏற்கும். ஆறிய இரும்பு ஏலாது. காய்ந்த எஃகைத் திடுமென நீரில் தோய்த்தால், வெளியேற வழியின்றிக் கரி உள்ளேயே சிறைப்படும். எஃகு கடுமையுறும், உடன் நொறுங்கும் தன்மையும் வரும். ஆதலின் மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டிப் பதப்படுத்துவர். 

சேலப் பகுதிக் கொல்லர் இரும்புத் துண்டுகளை உலர்ந்த ஆவாரங்கட்டையோடு களிமண் குகையுள் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதிக் காய்ச்சினர். கட்டையும் இலையும் கரிந்து, அக்கரி இரும்பிற் கலந்தது. 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஈத்து என்னும் ஆங்கிலேயரும் இம்முறையை எழுதிவைத்தார். மேலையர் இவ்வெஃகை 'ஊட்சு' என்றனர். கன்னட 'உக்கு' என்பதன் திரிபு அது என்பர். 'உருக்கு' என்னும் தமிழ்ச்சொல் இருக்க, நம்மவரும் ஊட்சு என்றெழுதுவது இரங்கத்தக்கது!

'எஃகு' திருக்குறளில் உண்டு என்று காட்டிய அளவிலேயே எல்லாம் நிறுவப்பட்டதாகக் கருதுவாரும் உளர். ஆங்கு அது படைக்கலத்தையும் கூர்மையையும் குறிப்பது. உருக்குத் தொழிலுக்குச் சான்று உலையும் குகையுமே.

எஃகைச் செய்வது கரி என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மூவர் 1786-இல் விளக்கினர். அதன் பின்னும், 1819-இல் நம் உருக்கை ஆய்ந்த பாரடே, அதன் சிறப்புக்கு அலுமினியமும் மணற்சத்துமே ஏதுவென எண்ணினார். உண்மையில் அதன் சிறப்பு மிகுந்த கரியே. ஐரோப்பியக் கொல்லர் தம் வழக்கப்படி வெண்மையாகும் வரை காய்ச்சி அடித்தபோது, உருக்குச் சிதறியது. கரி மிக்க எஃகு குறைந்த வெம்மையிலேயே உருகத் தொடங்கும். ஆதலின் அதனைச் செந்நிறச் சூட்டில் நிறுத்தி, மெல்ல மெல்ல அடித்தல் வேண்டும்.