கொடி நாள் காசு யாருக்குப் போகிறது?



ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர் ஹவில்தார் பழனி. ராணுவத்தில் 20 வருடத்துக்கு மேல் இருந்தவர். குடும்பத்துக்காகப் புது வீடு கட்டினார். புதுமனை புகுவிழாவுக்கு அவரால் வர முடியவில்லை. 2020 ஜூனில், லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் உயிரைக் கொடுத்தார். நாடு வீர் சக்ரா விருது தந்தது.

படைவீரருக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குத்தான் கொடி நாள் நிதி. 1949 முதல், ஒவ்வொரு டிசம்பர் 7-ம் தேதியும் திரட்டுகிறோம். படைவீரர் குடும்பங்களுக்கும், ஓய்வு பெற்ற வீரர்களுக்கும் அது உதவுகிறது.

நம் திருப்பூரில், பனியன் கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்கும் பெரியவர் முன்னாள் ராணுவத்தினராக இருக்கலாம். இன்று அவரிடம் நின்று, "எங்கே வேலை பார்த்தீங்க ஐயா, பிள்ளைங்க என்ன பண்றாங்க?" என்று கேளுங்கள். கொடி நாள் உண்டியல் வந்தால், மனதாரப் போடுங்கள். அது ஒரு குடும்பத்துக்குப் போகிறது.