முகம் காட்டிக்கொடுத்த மாத்திரை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். 2004 ஏப்ரலில் அரசு அதற்கு இலவசக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது, முதலில் தொடங்கிய சில மையங்களில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் ஒன்று.

அந்தக் கூட்டு மருந்தில் அப்போது ஸ்டாவுடின் இருந்தது. விலை மலிவு, எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் பலருக்குக் கன்னம் ஒட்டிப்போனது, கைகால்களில் நரம்பு புடைத்துத் தெரிந்தது. கொழுப்புச் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அந்த மருந்து கெடுத்துவிடும், செல்லே மடிந்துபோகும். வேறு சிலருக்கு நேர்மாறாக வயிற்றுக்குள்ளும் பிடரியிலும் கொழுப்பு சேர்ந்தது. கூடவே ரத்தத்தில் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் ஏறும்.

நோயை யாரிடமும் சொல்லாமல் வாழ்ந்தவரை அவர் முகமே காட்டிக்கொடுத்தது. "என்னங்க, இப்படி இளைச்சுட்டீங்க?" என்று கல்யாண வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வார்? இதை வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மாத்திரையையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கவைக்கிற விஷயம் இது.

2009-இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. இப்போது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் கிடைக்கின்றன. கன்னம் ஒட்டுகிற தொல்லை போய்விட்டது. சிலருக்கு எடைதான் கூடுகிறது. பழைய மருந்தில் கரைந்த கன்னம் மெதுவாகத்தான் தேறும், பெரும்பாலும் முழுசாகத் தேறாது.

இந்தக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகிறவர்கள் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் மாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.