இளநிலை மாணவர்களும் செயற்கை உயிரியலும்

உயிரணுவின் டி.என்.ஏ.வைத் திட்டமிட்டு அமைத்து, அதுவரை அது செய்யாத வேலையைச் செய்ய வைப்பது செயற்கை உயிரியல். இத்துறையில் இளநிலை மாணவர்களை அணியாகச் சேர்த்து ஆய்வில் இறக்கியது ஐஜெம் போட்டி. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு மாத வகுப்பாகத் தொடங்கியது. 2004-இல் 5 அணிகள் போட்டியிட்டன. இன்று ஆண்டுதோறும் 300-க்கு மேற்பட்ட அணிகள் வருகின்றன.

கணினிப் பொறியாளரான டாம் நைட் இதற்கு வழி திறந்தார். டி.என்.ஏ. துண்டுகளின் இரு முனைகளையும் ஒரே முறையில் அமைத்துவிட்டால், யார் செய்த துண்டும் யாருடையதோடும் இணையும். ‘பயோபிரிக்’ எனப்படும் இத்துண்டுகள் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டன. ஓர் அணி செய்ததை அடுத்த ஆண்டு இன்னோர் அணி எடுத்தாளலாம். இணைந்த துண்டுகள் உயிரணுவுக்குள் நினைத்தபடி இயங்குமா என்பது வேறு விஷயம். மாணவர்களின் கோடை விடுமுறை பெரும்பாலும் அதில்தான் கரைகிறது.

2006-இல் எடின்பரோ பல்கலைக்கழக அணி எடுத்துக்கொண்டது வங்கதேசத்தின் குழாய்க் கிணறுகளை. கிருமி கலந்த குளத்து நீருக்கு மாற்றாக அங்கே தோண்டிய கிணறுகள் பலவற்றில் ஆர்செனிக் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஈ. கோலை பாக்டீரியாவில் ஆர்செனிக்கை வெளியேற்றும் மரபணுக்கள் இயல்பாகவே உண்டு. ஆர்செனிக் உள்ளே நுழைந்தால்தான் அவை விழிக்கும். அவற்றை விழிக்கச் செய்யும் விசையோடு லாக்டோஸைச் சிதைக்கும் மரபணுவை மாணவர்கள் இணைத்தனர். நீரில் நஞ்சு இருந்தால் லாக்டோஸ் சிதைந்து அமிலம் உண்டாகும். அதைக் காட்ட விலை குறைந்த நிறங்காட்டியே போதும். கேள்வியைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே இந்த ஆய்வின் பாதி மதிப்பு இருக்கிறது. ஆனால் மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கிணற்றடிக்குக் கொண்டுபோக ஆய்வக வெற்றி போதாது, சட்டத்தின் அனுமதியும் வேண்டும். போட்டியின் விதிகளும் அத்தகைய உயிரிகளை ஆய்வகத்துக்கு வெளியே விட இடந்தருவதில்லை.

மரபணுவைக் கையாள்பவர், கணித மாதிரி எழுதுபவர், பயன்படுத்தப்போகும் மக்களிடம் பேசுபவர் என அணியில் பலர் உண்டு. தகுதி வரம்பை எட்டும் எல்லா அணிகளுக்கும் பதக்கம் கிடைப்பதால், பக்கத்து அணிக்கு உதவினால் நட்டமில்லை. ஆனால் எந்த வேலையை யார் செய்தார், வழிகாட்டியின் பங்கு எவ்வளவு என்பதை ஒவ்வோர் அணியும் எழுத்தில் தர வேண்டும். மூத்த ஆய்வாளர்களின் கட்டுரைகளில்கூட இந்த விவரம் பல வேளைகளில் மங்கலாகவே இருக்கிறது. இன்று பட்டம் பெறுவோர் தாங்கள் எழுதப்போகும் கட்டுரைகளில் அதை விட்டுவிட வேண்டாம்.