பேட்டா யாருடைய செலவு?

(சங்ககிரி வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே லாரி டிரைவர் இல்லாத தெரு உண்டா? நம் அண்ணனோ, மச்சானோ, மகனோ இந்நேரம் எங்கோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நாம் நூற்கும் நூலும், நம் மரவள்ளிக் கிழங்கின் ஜவ்வரிசியும், நாமக்கல் முட்டையும் அவர்கள் கையால்தான் ஊர் போய்ச் சேருகின்றன. அவர்களுடைய சோற்றுக் கணக்கை இன்று நாம் பேசுவோம்.

இங்கிருந்து டில்லி 2,000 கிலோமீட்டருக்கு மேல். வண்டி கிளம்பும்போதே அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், ஸ்டவ் எல்லாம் ஏறுகின்றன. வழிநெடுக ஓட்டலில் சாப்பிட்டால் கையில் மிஞ்சாது. ஆகவே வண்டி நிழலில் உட்கார்ந்து சோறு பொங்குகிறார்கள். குளிக்கப் பெட்ரோல் பங்கின் குழாய். படுக்கச் சூடு தணியாத கேபின். டீ, குளியல், வீட்டுக்குப் பேசும் போன், எல்லாம் பேட்டாவிலிருந்தே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடைக்கு 2,800 ரூபாய் பேட்டா என்று வைத்துக்கொள்வோம். இரவு பகலாக ஓட்டி நாலு நாளில் போய்ச் சேர்ந்தால் நாளுக்கு 700 ரூபாய். முறையாகத் தூங்கி ஏழு நாளில் போனால் 400. இறக்கும் இடத்தில் குடோன் கதவு திறக்க மேலும் மூன்று நாள் காத்துக் கிடந்தால் 280. பார்த்தீர்களா! தூங்கியவன் நஷ்டப்படுகிறான், கண் விழித்தவன் மிச்சம் பிடிக்கிறான். விபத்து நடந்தால் "டிரைவர் கண்ணயர்ந்தான்" என்று எழுதிவிடுகிறார்கள். அவனைத் தூங்கவிடாமல் விரட்டியது எது என்று யாரும் கேட்பதில்லை.

சட்டம் இல்லையா? இருந்தது. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. நீண்ட தூர ஓட்டத்துக்குப் பத்து மணி, 54 மணி வரை அனுமதித்தது. ஐந்து மணி வேலைக்குள் அரை மணி ஓய்வு வேண்டும், இரவு தங்கும் இடங்களில் முதலாளி ஓய்வறை தரவேண்டும் என்றது. ஆனால் ஐந்து தொழிலாளர் இருந்தால்தான் சட்டம்! ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்கிறவர் வெளியே நின்றார். மாநில அரசு நினைத்தால் அவரையும் சேர்க்க இடமிருந்தது.

இப்போது நடந்தது என்ன? 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தை விழுங்கிவிட்டது. ஐந்து என்ற வரம்பு பத்து ஆயிற்று. வேலி தள்ளிப் போடப்பட்டது. வெளியே நிற்போர் தொகை பெருகியது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்கிறது சர்க்கார். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் பழைய லாரி ஓட்டுகிறவருக்கு அது இல்லை. குளிர்ந்த கேபினிலும் தூக்கமில்லாத கண் தூக்கமில்லாத கண்தான்.

"சிறு லாரிக்காரர் எங்கே போவார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவரும் நேற்றுவரை டிரைவராக இருந்தவராகலாம். பைனான்ஸ் தவணை, டீசல், டோல்கேட் மூன்றும் அவர் கழுத்தை நெரிக்கின்றன. வாடகையை நிர்ணயிப்பது அவரல்ல. லோடு கொடுக்கும் பெரிய கம்பெனியும் புரோக்கரும். ஆகவே வழிச் செலவும், காத்துக்கிடக்கும் நாட்களுக்கான ஹால்டிங் பணமும் வாடகையோடு சேர்ந்து அங்கிருந்தே வரவேண்டும். லாரிக்கு டீசல் யார் செலவோ, டிரைவருக்குச் சோறும் அவர் செலவே!

இது நடக்காத காரியமல்ல. ஓடிய தூரத்துக்கும் ஏற்றிய சரக்கின் அளவுக்கும் ஏற்பக் கூலி கொடுத்துச் சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய யூனியன் 2006-லேயே விதி செய்திருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: நடைக் கணக்கில் அல்ல, நாள் கணக்கில் பேட்டா. காத்திருக்கும் நாளுக்கும் பேட்டா. நெடுஞ்சாலையில் குளியலறை, கக்கூஸ், படுக்கையுடன் ஓய்விடம். ஒரே லாரி வைத்திருப்பவரின் டிரைவருக்கும் சட்டப் பாதுகாப்பு.

ஆலைத் தோழர்களே! உங்கள் ஆலை வாசலில் பஞ்சு லோடோடு நிற்கும் டிரைவர் கக்கூஸுக்கு எங்கே போகிறார் என்று நாளைக்கே பாருங்கள். கதவைத் திறந்துவிடச் சங்கத்தின் மூலம் கேளுங்கள். விவசாயத் தோழர்களே! லோடு ஏற்றும் இடத்தில் அவருக்குத் தண்ணீரும் நிழலும் கேளுங்கள். அவர் உறங்கி எழுந்து வண்டி எடுத்தால்தான், நம் வீட்டுப் பிள்ளை உயிரோடு வீடு திரும்புவான்!